குண்டு இல்லாமல் ஏறிய எண்

எங்கள் பின்பால் மிஷினில் ஒரே ஒரு குறைதான். குண்டு போடாமலேயே அது எண்ணியது.

பின்பால் என்பது ஒரு சரிவுப் பலகை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே பாயும். அங்கே இங்கே முட்டிக்கொண்டு, சில வாசல்களைக் கடந்து, கீழே உருண்டு வரும். கீழே இரண்டு துடுப்புகள். பட்டனை அழுத்தினால் அவை துள்ளிக் குண்டைத் திரும்ப மேலே அடிக்கும். தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. சென்னைப் பொருட்காட்சியில்தான் முதலில் பார்த்தேன். எல்லோரும் முன்னால் நின்று ஆடினார்கள். நான் பின்னால் போய்ப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். ஒயர்கள், சுருள்கள், டிக் டிக்கென்று விழும் ரிலேக்கள். கடைக்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். அதற்குள் முடிவு செய்துவிட்டேன். இதை நாம் செய்யலாம். ரிலேகூட வேண்டாம், ஐ.சி. போட்டே செய்யலாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். வகுப்பில் மற்றவர்கள் காலிங் பெல்லும் பேட்டரி சார்ஜரும் செய்துகொண்டிருந்தார்கள். நான் போய்ப் பின்பால் என்று சொன்னதும் எங்கள் ப்ராஜெக்ட் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"சூதாட்ட மிஷினாப்பா?"

"இல்ல சார். சென்சார் ப்ராஜெக்ட் சார். குண்டு எங்க போகுதுன்னு அதுவே கண்டுபிடிச்சு எண்ணும் சார்."

"சரி. ஆனா ஒண்ணு. தப்பா எண்ணக் கூடாது. எண்ற மிஷின் தப்பா எண்ணுச்சுன்னா அது மிஷினே இல்ல."

ப்ராஜெக்டுக்கு இருவர் சேர வேண்டும். என்னோடு சேர்ந்தவன் எங்கள் ஊர்க்காரன்தான். உத்திரமேரூருக்கு வெளியே ஒரே ஊர், ஆனால் வேறு தெரு. அவன் அம்மா என் சித்தப்பாவின் நிலத்தில் கூலி வேலை செய்தார். நானும் அவனும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம், ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவோம். மிஷினை எங்கள் வீட்டிலேயே வைத்துச் செய்திருக்கலாம். ஆனால் அவன் வந்தால் வாசலோடு நிற்க வேண்டியிருக்கும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "மோட்டார் கொட்டாயில செய்யலாம்டா, எடம் நெறைய கீது" என்று நான் சொன்னேன். "ஆமா, காத்தும் வரும்" என்றான் அவன். அவ்வளவுதான்.

கொட்டகை சித்தப்பாவின் நிலத்தின் ஓரத்தில் இருந்தது. பக்கத்தில் ஏரிக் கால்வாய், அதன்மேல் வண்டிப்பாதை. உள்ளே மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, சுவரில் இரும்புக் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச், ஒரு குண்டு பல்பு. சித்தப்பா தாராளமாகத்தான் கொடுத்தார். "செய்ங்கடா. ஆனா ஸ்டார்ட்டர்ல கைய வெச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

இன்னொன்றும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் போயிற்று. வயலுக்கு வைக்கும் கரண்ட்.

முந்தின போகத்தில் எலிகள் சித்தப்பாவின் வயலைத் திட்டுத் திட்டாக அறுத்துப் போட்டிருந்தன. கதிர் வரும் நேரத்தில் தண்டைக் கடித்துச் சாய்த்துவிடும். தின்பதைவிட அழிப்பது அதிகம். மருந்து வைத்தார், கிட்டி வைத்தார், ஒன்றும் நிற்கவில்லை. இந்தச் சம்பாவுக்கு, எங்கள் பக்கத்தில் வேறு சிலர் செய்ததையே அவரும் செய்தார். வரப்பை ஒட்டிச் சவுக்குக் குச்சிகளை நட்டு, தண்ணீருக்கு நாலு விரல் மேலே வெற்றுக் கம்பியை ஓட்டி, ஒரு முனையை ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். பொழுது சாயும்போது மாட்டுவார். விடிந்ததும் கழற்றுவார். ஈரச் சேற்றில் நடந்து வரும் எலி கம்பியைத் தொட்டால் அங்கேயே முடிந்தது.

மனுஷர்கள் தொடாமலிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. கொட்டகைக் கூரைக்கு மேலே மூங்கிலில் ஒரு சிவப்பு பல்பு. திருவிழாவுக்குக் கட்டும் பல்புதான். கம்பியை மாட்டினால் அதுவும் எரியும். சிவப்பு எரிந்தால் வயலில் கால் வைக்கக் கூடாது. எரியவில்லை என்றால் போகலாம். ஊரில் நண்டு சிண்டுகளுக்குக்கூட இது தெரியும். மாலையில் புல் அறுக்கப் போகும் பெண்கள் வண்டிப்பாதையிலிருந்தே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நாங்கள் மிஷினில் முழுகியிருந்தோம். லாரி பேரிங்கிலிருந்து உருவிய குண்டு. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டு வாங்கிய பழைய செம்புக் கம்பியைச் சுற்றித் துடுப்புக்கான சுருள்கள். முட்டித் திரும்ப சைக்கிள் டியூப் ரப்பர். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பக்கம் டார்ச் பல்பு, எதிர்ப் பக்கம் வெளிச்சத்தை உணரும் சின்ன சென்சார். குண்டு குறுக்கே போனால் வெளிச்சம் அறுபடும், ஐ.சி. ஒன்று கூட்டும், பலகையின் தலையில் சிவப்பு எண் ஒன்று ஏறும். முதன்முதலில் பூஜ்யம் ஒன்றாக மாறியபோது நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் கால்வாயில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம்தான் அது தானாக எண்ணியது.

குண்டு என் கையில் இருந்தது. பலகையில் ஒன்றும் இல்லை. எண் ஒன்று ஏறியது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இன்னொன்று.

"டேய், நீ கை வெச்சியா?"

"நான் எங்கடா வெச்சேன்? நான் இங்க ஒயருக்குப் பத்து வெச்சிக்கினு கீறேன்." ஈயத்தை உருக்கி ஒட்டும் பற்றுக்கோலைத் தூக்கிக் காட்டினான்.

பொழுது சாய்வதால் வெளிச்சம் மாறுகிறது, அதுதான் சென்சாரைக் குழப்புகிறது என்றேன். நல்ல விளக்கம். கறுப்புத் தாளைச் சுருட்டி ஒவ்வொரு சென்சாருக்கும் குல்லா போட்டோம். மறுநாள் பகலெல்லாம் ஒழுங்காக இருந்தது. சாயங்காலம் ஆனதும் எண் ஏறியது.

"யாரோ ஆட்றாங்கடா நம்ம மிஷின்ல," என்றான் அவன். சிரித்தான். நானும் சிரித்தேன். எண் இன்னொன்று ஏறியதும் இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

கண்டுபிடித்தது அவனுடைய சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவால். பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்வான். எண் ஏறும் அதே நொடியில் ரேடியோவில் 'கர்ர்' என்று ஒரு கீறல் விழுந்தது. மறுபடி கீறல், மறுபடி எண். எங்கேயோ பொறி பறக்கிறது. அந்தப் பொறி லைன் வழியாக வந்து எங்கள் ஐ.சி.யை ஒரு தட்டு தட்டுகிறது, ஐ.சி. அதைக் குண்டு என்று நினைத்து எண்ணுகிறது. எனக்கு ஒரே உற்சாகம். நாய்ஸ்! புத்தகத்தில் படித்தது கண்ணெதிரில் நடக்கிறது. "எங்கருந்துடா வருது?" என்று கேட்டேன்.  அவன் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஜன்னல் வழியாக வயலுக்குப் போகும் அந்த எலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எத்தனை எலிக்கு எத்தனை எண் என்று பார்க்க, அன்று மிஷினை அணைக்காமல் விட்டுவிட்டுப் போனோம். மறுநாள் விடியற்காலையில் வந்தபோது சித்தப்பா கைப்பிடியை இறக்கப் போனார். "ஒரு நிமிஷம் சித்தப்பா" என்று ஓடி, முதலில் எண்ணைப் பார்த்துக்கொண்டேன். அவர் இறக்கினார். எண் அணைந்தது. வெளியே நண்பனின் அம்மாவும் இன்னொரு பெண்ணும் வரப்பைச் சுற்றி வந்து எலிகளைப் பொறுக்கிக் கால்வாய் ஓரம் போட்டார்கள். அவன் நின்று உதடு அசைய எண்ணினான்.

"இன்னாடா இது, எலிக்குக் கணக்குப் பாத்துக்கினு கீற? காலேஜுல இத்தத்தான் சொல்லித் தராங்களா?" என்றார் அவன் அம்மா. மெலிந்த உடம்பு, பெரிய குரல். எதையும் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பேச வராது.

அவன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான். "ரெண்டு கொறையுது."

எண் சொன்னதைவிட இரண்டு எலி குறைவு. இரண்டு முறை வேறு எதுவோ கம்பியைத் தொட்டிருக்கிறது.

"நாய் தூக்கினு போயிருக்கும்," என்றார் சித்தப்பா.

"நல்லா சொன்னீங்கய்யா. கம்பில கெடக்கறத நாய் தூக்கினா நாயும்ல கூடக் கெடக்கணும்?" என்று அவன் அம்மா சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அந்தக் காலைப் பனியில் எல்லோரும் சிரித்தோம், அவன் தவிர.

பஸ்ஸில் போகும்போது அவன் சொன்னான்: "எங்கம்மா அந்த வரப்புலதான்டா டெய்லி புல்லு அறுக்குது."

"சித்தப்பாகிட்ட நீயும் வா, சொல்லலாம்."

"நீ சொல்லு. நான் சொன்னா நாளைக்கு எங்கம்மாவுக்கு அங்க வேல இருக்காது."

நான் சொன்னேன். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிஷினைப் பற்றி, பொறியைப் பற்றி, எண்ணிக்கையைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"உன் கோலிகுண்டு மிஷினு எனுக்கு விவசாயம் சொல்லித் தருதா?"

"அப்படி இல்ல சித்தப்பா. யாராவது மிதிச்சிட்டா..."

"எவன்டா மிதிப்பான்? மேல லைட்டு எரியுதில்ல? கண்ணு இல்லாதவனா எவனா கீறானா ஊர்ல? போன வருஷம் இந்த வூட்ல அரிசி வெல குடுத்து வாங்கித் தின்னோம். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. 

அவன் தன் அம்மாவிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறான். "எங்கம்மாவும் அதத்தான்டா சொல்லுது. அதான் லைட்டு கீதே, லைட்டு இல்லன்னாதானே எறங்கறோம்னு." நிலத்துக்காரர் ஒன்று சொல்கிறார், கூலிக்காரர் அதையே சொல்கிறார். அந்தச் சிவப்பு பல்பின் மேல் இரண்டு தெருவுக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

இதற்கு நடுவில் கல்லூரியில் சார் எங்கள் சர்க்யூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒவ்வொரு ஐ.சி.க்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போட்டால் போதும், லைனில் வரும் குப்பையெல்லாம் அதில் அடங்கிவிடும் என்றார். ரொம்பச் சாதாரண விஷயம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன். மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிது. அன்று சாயங்காலமே போட்டுவிடத் துடித்தேன்.

அவன் பற்றுக்கோலைத் தர மறுத்தான்.

"ரிவ்யூவுக்கு மொத நாள் போட்டுக்கலாம்."

"ஏன்டா? கையில கீது, அஞ்சு நிமிஷ வேல."

"போட்டா எண்ணாது."

"அதுக்குத்தானடா போடறதே! தப்பா எண்ணக் கூடாதுன்னு சார் சொல்லல?"

"அது தப்பா எண்ணலடா," என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "அது ஒண்ணுதான்டா சரியா எண்ணிக்கினு கீது."

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவன் மிஷினில் வேலை செய்யவே இல்லை. பற்றுக்கோலை வைத்துவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொன்றாக ஏற ஏற, கால்வாய்ப் பக்கம் காதைக் கொடுப்பான். அவன் அம்மாவின் குரல் பாதையில் கேட்டு, தெருப் பக்கம் போய் மறைந்த பிறகுதான் தோள் தளரும். எனக்குப் பொறுமை போயிற்று. துடுப்பு ஒன்று சரியாகத் துள்ளவில்லை, ரிவ்யூ நெருங்குகிறது, இவன் எலி எண்ணுகிறான். "உன்னோட பேஜாராப் போச்சுடா" என்று கத்தினேன். அவன் கேட்டதாகவே தெரியவில்லை.

ரிவ்யூவுக்கு முந்தின வாரம் சித்தப்பாவுக்கு மானாம்பதியில் ஒரு கல்யாண வரவேற்பு. அதனால் வெயில் இருக்கும்போதே கம்பியை மாட்டிவிட்டு, மேலே பல்பு எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, சைக்கிளில் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று.

இருட்டும் அல்லாத வெளிச்சமும் அல்லாத நேரம். மோட்டார்கள் எல்லாம் நின்று ஊரே அமைதியாக இருந்தது. நாங்கள் கொட்டகைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தோம். வயலிலிருந்து நெல்லின் பால் வாசனையோடு குளிர் வந்தது. தவளைகள்கூடக் கத்தவில்லை.

பிறகு கரண்ட் வந்தது. எங்கள் பக்கத்தில் அது சாதுவாக வராது. மோட்டார்கள் ஓடாத நேரத்தில் வரும்போது வோல்டேஜ் எகிறிக்கொண்டு வரும். உள்ளே இருந்த குண்டு பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டது. கூரைக்கு மேலே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஓணானாக இருக்கும் என்று நினைத்தேன். மிஷின் ஏதோ உளறலான எண்ணோடு எழுந்தது. நான் ரீசெட்டை அழுத்தினேன். பூஜ்யம்.

பாதையில் பேச்சுச் சத்தம்.

"கரண்ட்டு வந்திச்சி பாரு. கொட்டாயில லைட்டு எரியுது."

"மேல?"

"மேல இல்லடி. ஐயா இன்னும் போடல. வா, வா, சட்டுனு அறுத்துக்கினு ஓடிடலாம்."

பெரிய குரல். அவன் அம்மா.

எண் ஒன்று ஏறியது.

அவன் எண்ணைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சித்தப்பா கம்பியை மாட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மேலே பல்பு இல்லை என்கிறார்கள். இங்கே எண் ஏறுகிறது. இந்த மூன்றும் எனக்குள் ஒன்று சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. எண் மறுபடி ஏறியது. பிறகு நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக, எதுவோ கம்பியில் துடித்துக்கொண்டே இருப்பதுபோல, கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் ஓட ஆரம்பித்தது.

"எம்மா!" என்று கத்திக்கொண்டு அவன் வாசலுக்குப் பாய்ந்தான். பலகையில் இடித்து மிஷின் சரிந்தது. நான் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் இரண்டு கையாலும் தொங்கினேன். அது இறங்கியது. எல்லாம் அணைந்தது.

வெளியே எந்தச் சத்தமும் இல்லை. அந்த மௌனம்தான் இன்னும் என் காதில் இருக்கிறது. கைப்பிடியை விட எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாராவது வந்து ஏற்றிவிடுவார்களோ என்பதுபோல அதை அழுத்திக்கொண்டே நின்றேன்.

பிறகு அந்தக் குரல் வந்தது.

"இன்னாடா இது, பேய் தொரத்தறமாதிரி ஓடியாற? லைட்டுதான் இல்லியே!"

கைப்பிடியை ஒரு துண்டுக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டுப் போனேன். கூட வந்த பெண் பாதையிலேயே நிற்க, அவர் வரப்பில் நின்றிருந்தார். இடுப்பில் கொசுவம் செருகி, கையில் அரிவாள், கால் முட்டிவரை சேறு. கம்பி அவர் கெண்டைக்காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. கம்பியின் மேல், அவருக்கும் அவனுக்கும் நடுவில், ஒரு பெரிய சாரைப்பாம்பு துணிபோலத் தொங்கியது. எலிக்கு வந்த பாம்பு. வால் நுனி மட்டும் இன்னும் லேசாக அசைந்தது.

அவர் பாம்பைப் பார்த்தார். பிறகு மூங்கிலின் உச்சியில் அணைந்து கிடந்த பல்பைப் பார்த்தார். ஒரு கிண்டலும் வரவில்லை. அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா வந்தபோது கட்டிவைத்த கைப்பிடியைப் பார்த்து முதலில் கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். மூங்கிலை இறக்கி, பல்பைக் கழற்றி, காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே அறுந்த இழை கிண்கிணித்தது.

அதிர்ந்துபோய்த்தான் இருந்தார். அதை மறைக்க முடியவில்லை. பல்பைத் துண்டில் முடிந்துகொண்டு சொன்னார்: "நாளைக்கி ரெண்டு பல்பு போட்டுட்றேன். ஒண்ணு போனாலும் ஒண்ணு எரியும்."

"அதான் சரிங்கய்யா," என்றார் அவன் அம்மா. "ரெண்டா போட்டுடுங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியை எடுத்துவிடலாமே என்று நான்தான் சொன்னேன். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. வேறு எதையோ பற்றிச் சொன்னதுபோல என் பேச்சு அங்கேயே விழுந்து கிடந்தது. கதிர் முற்ற இன்னும் நாள் இருந்தது.

மிஷினை பஸ் மேலே கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். கெப்பாசிட்டர்கள் கடைசிவரை என் சட்டைப்பையிலேயே இருந்தன. தேவைப்படவில்லை. டவுன் லைனில் அது ஒருமுறைகூடத் தப்பாக எண்ணவில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஆட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சார் பக்கத்தில் நின்று "சார், மத்த பசங்க காத்துக்கினு இருக்காங்க" என்று நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

"செய்யறப்ப என்ன ப்ராப்ளம் வந்துச்சு?" என்று எக்ஸாமினர் கேட்டார்.

"நாய்ஸ் சார்," என்றான் அவன்.

"எங்கேருந்து?"

"வயல்லேர்ந்து சார்."

அறையே சிரித்தது. எக்ஸாமினரும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

எல்லோரும் போன பிறகு நான் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவன் மிஷினின் சுவிட்சைப் போட்டான். குண்டு வைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது.

"பஸ் போயிடும்டா."

"இரு. இந்நேரம் அங்க மாட்டியிருப்பாரு."

எண் பூஜ்யத்தில் நின்றது. இங்கே அது எண்ணாது என்று இருவருக்கும் தெரியும். அது வேறு லைன், வேறு ஊர். அவன் எழுந்திருக்கவில்லை. நானும் ஒயரைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.